மாத்திரையை நிறுத்திட்டு மூணு மாசம் காத்திருந்தோம்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. படிக்க வசதியாகச் சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

நான் கும்மிடிப்பூண்டியிலேருந்து பேசறேன். இங்கே சிப்காட்ல ஒரு கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல ஏழு வருஷம் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் ரோலிங் மில்லுல ஷிப்ட் வேலை. எனக்கு சொரியாசிஸ் வந்தது பத்தொன்பது வயசுல. இப்போ முப்பத்தொண்ணு. ரெண்டரை வயசுல ஒரு பையன் இருக்கான்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. மருந்து பத்திச் சொல்றதெல்லாம் டாக்டர்கள்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டு, அப்புறம் நானா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. இதைக் கேட்டுட்டு யாரும் தானா மாத்திரையை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். என்ன கேள்வி கேட்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட உட்காருங்க, அது போதும். எனக்கு அந்தக் கேள்வி தெரியாமப் போனதுதான் இந்தக் கதையே.

சொரியாசிஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நம்ம தோல் சாதாரணமா ஒரு மாசத்துக்கு ஒரு தடவை தன்னைப் புதுப்பிச்சுக்கும். இந்த நோய் இருக்கறவங்களுக்கு உடம்போட எதிர்ப்பு சக்தி தப்பா வேலை செய்யறதால, அந்த ஒரு மாச வேலை நாலஞ்சு நாள்ல நடந்துடுது. பழசு உதிர நேரமில்லாம அடுக்கடுக்கா ஏறி, வெள்ளையா செதில் செதிலா நிக்கும். தொத்தாது. இந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு கணக்கே கிடையாது. எங்க யூனிஃபார்ம் கருநீலம். தலையைச் சொறிஞ்சா தோள்ல மாவு கொட்டின மாதிரி இருக்கும். கம்பெனி பஸ்ல என் பக்கத்து சீட் கடைசியாத்தான் நிரம்பும்.

பெரியவங்க காதோடு காதா "பெருவியாதியா இருக்குமோ"ன்னு கேட்பாங்க. அவங்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. இதையும் குஷ்டத்தையும் பல நூறு வருஷம் உலகமே ஒண்ணாத்தான் குழப்பிக்கிட்டு இருந்திருக்கு. 1841-ல வியன்னாவுல ஹெப்ரான்னு ஒரு டாக்டர்தான் ரெண்டும் வேற வேறன்னு தெளிவாப் பிரிச்சார். சித்த மருத்துவத்துல இதுக்கு காளாஞ்சகப்படைன்னு பேர். எங்கம்மா வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில போட்டு வெயில்ல வைப்பாங்க. ரெண்டு மூணு நாள்ல எண்ணெய் ஊதா நிறமா மாறிடும், பார்க்கவே அழகா இருக்கும். எனக்கு அரிப்பு குறைஞ்சது, படை போகலை. தலகாணி உறை எல்லாம் ஊதா ஆனதுதான் மிச்சம்.

கல்யாணத்துக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிட்டேன். பொண்ணு பார்த்துட்டுப் போன மூணாவது நாள் போன் பண்ணி, "எனக்கு இப்படி ஒரு தோல் நோய் இருக்கு, போகாது, வரும் குறையும்"னேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஃபர்னஸ் பக்கத்துல நின்னு என் கையைப் பார்த்தா நீங்களும் யோசிப்பீங்க"ன்னார். அத்தைக்கு, அதான் மாமியாருக்கு, கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும். அது அவர் எடுத்த முடிவு. சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியலை.

கல்யாணமாகி கொஞ்ச மாசத்துல நோய் ரொம்ப ஏறிடுச்சு. முதுகு, கால், தலை எல்லாம். ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். பேர் வேண்டாம். அங்கே மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தாங்க. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு. மத்த நாள்ல ஃபோலிக் ஆசிட். மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு மாசத்துல என் முதுகை எனக்கே அடையாளம் தெரியலை. இந்த மருந்தைத் தெரியாம தினமும் போட்டு உயிரே போனவங்க உண்டு, அதனால "வாரம் ஒரு நாள்"ங்கறதை மட்டும் நல்லா அழுத்திச் சொன்னாங்க. ரத்தப் பரிசோதனையும் எழுதினாங்க. கேட்காம விட்டது ஒண்ணுதான். "கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தைக்குப் பார்க்கறீங்களா?" கழுத்துல தாலி தெரியுது. ஆனா கேட்கலை. நானும் சொல்லலை, சொல்லணும்னே தெரியாது.

அந்தச் சமயத்துல எனக்கு பதினோரு நாள் தள்ளிப் போச்சு.

வீட்ல ஒரே சந்தோஷம். அத்தை அவங்க தங்கச்சிக்குப் போன் பண்ணியாச்சு. நான் துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே நர்ஸம்மா அட்டையில டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறியா?"ன்னு கேட்டாங்க. பையிலேருந்து ஸ்ட்ரிப்பை எடுத்துக் காட்டினேன். அதைத் திருப்பிப் படிச்சாங்க. அவங்க முகம் மாறினதை நான் இப்பவும் பார்க்கறேன். உடனே டாக்டருக்குப் போன் போட்டு, வெளியே போய்ப் பேசிட்டு வந்தாங்க.

விஷயம் இதுதான். கர்ப்பத்தோட ஆரம்பத்துல குழந்தைக்கு மூளை, தண்டுவடம் எல்லாம் உருவாக ஃபோலிக் ஆசிட் வேணும். மெத்தோட்ரெக்சேட் அந்த ஃபோலிக் ஆசிட்டோட வேலையைத் தடுக்கற மருந்து. கரு கலையலாம், தங்கினா குழந்தைக்கு மண்டை, முகம், கை கால்ல குறை வரலாம். கருக்குழாயில தங்கின கர்ப்பத்தைக் கரைக்கறதுக்கே டாக்டர்கள் இதே மருந்தைத்தான் ஊசியாப் போடறாங்க. அதை நான் என் முதுகுக்காக வாரா வாரம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

டெஸ்ட் நெகட்டிவ். ஒரு வாரம் கழிச்சு மறுபடி பார்க்கச் சொன்னாங்க. அந்த ஒரு வாரம் நான் தூங்கலை. அதுக்குள்ள வந்துடுச்சு. அத்தை சமையல்கட்டுல உட்கார்ந்து "இந்த மாசமும் இல்லையா"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் கொல்லைப்பக்கம் போய் சாமிக்கு நன்றி சொன்னேன். ஒரே வீட்ல ரெண்டு பேரும் அழறோம், வேற வேற காரணத்துக்கு.

அந்த நர்ஸம்மா சொல்லித்தான் சென்னையில ஒரு பெரிய அரசு மருத்துவமனையோட தோல் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா முதல் கேள்வியே, "எப்போ குழந்தை வேணும்?" மெத்தோட்ரெக்சேட்டை அன்னைக்கே நிறுத்தினாங்க. மூணு மாசம் கழிச்சு முயற்சி பண்ணுங்கன்னாங்க. இந்தக் கால அளவு வழிகாட்டிக்கு வழிகாட்டி மாறும். ஒரு மாசம் போதும்னு சொல்றதும் இருக்கு, ஆறு மாசம்னு சொல்றதும் இருக்கு. உங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க. ஆம்பளைங்க இதைச் சாப்பிட்டா அவங்களும் நிறுத்தணுமான்னு கேட்டேன். மருந்து அட்டையில மூணு மாசம்னு எச்சரிக்கை போட்டிருக்கு, ஆனா சமீபத்து ஆய்வுகள்ல அப்பா சாப்பிட்டதால குழந்தைக்குப் பாதிப்புன்னு தெரிய வரலைன்னாங்க. இதையும் டாக்டர்கிட்ட கேட்டுத்தான் முடிவு பண்ணணும்.

இன்னொரு மருந்து அசிட்ரெட்டின். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. இதை நிறுத்தினப்புறம் மூணு வருஷம் கர்ப்பம் ஆகக்கூடாது. மூணு மாசம் இல்லை, மூணு வருஷம். மது சேர்ந்தா இது உடம்புல வேற ஒரு பொருளா மாறி, கொழுப்புல ரொம்ப நாள் தங்கிடும். அதனால குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கற பொண்ணுங்களுக்கு இதை முடிஞ்ச வரை கொடுக்கறதில்லை. உங்க சீட்டுல இந்தப் பேர் இருந்தா, கல்யாணம் நிச்சயமாகறதுக்கு முன்னாடியே பேசுங்க.

மூணு மாசம் காத்திருக்கறதுன்னா சொல்றதுக்கு ஈஸி. எங்க வீடு ஒரு ஹால், ஒரு ரூம். ஆணுறையை எங்கே ஒளிச்சு வைக்கறது? அவரோட டிபன் பைக்குள்ள வெச்சோம். ஒரு நாள் அத்தை டிபன் பாக்ஸ் கழுவ எடுக்கப் போய்… சரி, அதை விடுங்க. அன்னைக்கு ராத்திரிதான் அவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னோம். அவங்க நம்பலை. "தோலுக்கும் வயித்துக்கும் என்னடா சம்பந்தம்?"னாங்க. அடுத்த தடவை அவங்களையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா தெலுங்கும் பேசுவாங்க, எங்க அத்தைக்கு அதான் வீட்டுப் பாஷை. கால் மணி நேரம் பேசினாங்க. திரும்பி வரும்போது ட்ரெயின்ல அத்தை சொன்னது, "எத்தனை மாசமானாலும் பரவால்ல. ஆனா தெருவுல யாருக்கும் சொல்லாதே."

மருந்தை நிறுத்தின ஏழாவது வாரம் நோய் திரும்பி வந்துடுச்சு, வட்டியும் முதலுமா. அப்போ எனக்குக் கிடைச்சது வெளிச்ச சிகிச்சை. நேரோபேண்ட் யூ.வி.பி.ன்னு சொல்வாங்க. 311 நானோமீட்டர் அலைநீளத்துல ஒரு புற ஊதா வெளிச்சம். டெலிபோன் பூத் மாதிரி ஒரு பெட்டிக்குள்ள கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கணும். முதல் நாள் சில விநாடிதான், போகப் போகக் கூட்டுவாங்க. கர்ப்பத்துலயும் கொடுக்கலாம், பால் கொடுக்கும்போதும் கொடுக்கலாம். ரெண்டு தொந்தரவு. ஒண்ணு, முகத்துல மங்கு வரலாம், அதனால முகத்தை மூடிக்கணும். இன்னொண்ணு, இந்த வெளிச்சம் ரத்தத்துல ஃபோலிக் ஆசிட்டைக் குறைக்கலாம். அதனால மாத்திரையை விடாம சாப்பிடணும்.

பெட்டிக்குள்ள நிக்கறது ரெண்டு நிமிஷம். கும்மிடிப்பூண்டியிலேருந்து சென்ட்ரல் சுமார் 48 கிலோமீட்டர். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர்னு லோக்கல் ட்ரெயின் உருண்டுக்கிட்டே போகும். போக வர நாலு மணி நேரம், வாரத்துக்கு மூணு நாள். நைட் ஷிப்ட் மாத்தி வாங்கிக்கிட்டேன். நைட் முடிச்சு அப்படியே ட்ரெயின் ஏறுவேன். இருபத்தாறு தடவை போனேன். மருத்துவமனையில காசு வாங்கலை. போன சம்பளத்தைக் கணக்குப் போட்டா அது இலவசமும் இல்லை.

க்ரீம் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா எங்க ஏரியாவுல எல்லார் வீட்டு அலமாரியிலயும் ஒரு ட்யூப் இருக்கும். மெடிக்கல்ல "படைக்கு ஒரு மருந்து கொடுங்க"ன்னா, ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூணும் கலந்த க்ரீமை எடுத்துத் தருவாங்க. ஸ்டீராய்டு க்ரீமெல்லாம் டாக்டர் சீட்டோடதான் விக்கணும்னு 2018-லயே அரசு உத்தரவு போட்டாச்சு, இருந்தும் கிடைக்குது. கர்ப்பத்துல லேசான, நடுத்தர ஸ்டீராய்டு க்ரீம் பயப்பட வேண்டியதில்லை. குளோபெட்டசால் மாதிரி ரொம்ப வீரியமானதை அள்ளி அள்ளிப் பூசறதுதான் பிரச்சினை. கர்ப்ப காலம் முழுக்க மொத்தம் 300 கிராமுக்கு மேல போனவங்களுக்குக் குழந்தை எடை குறைவாப் பிறக்கறதோட சம்பந்தம் இருக்குன்னு 2013-ல ஒரு ஆய்வு சொல்லியிருக்கு. நான் ட்யூப் மேல தேதி எழுதி வைப்பேன், எத்தனை நாள்ல தீருதுன்னு தெரியறதுக்கு. மத்தபடி வாசலின், லிக்விட் பாராஃபின், தேங்காயெண்ணெய். குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள பூசணும். சலிச்சுப் போற வேலைதான், ஆனா பாதி நோய் அதுலயே அடங்கும்.

நாலு மாசம் கழிச்சு நின்னது. இந்தத் தடவை அட்டையில ரெண்டு கோடு.

அப்புறம் நடந்தது எனக்கே ஆச்சரியம். நாலாவது மாசத்துலேருந்து தோல் தானா அடங்க ஆரம்பிச்சது. வெளிச்சத்துக்குப் போறதையே நிறுத்தினோம். இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை. 2005-ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, 47 கர்ப்பிணிகள்ல 55 சதவீதம் பேருக்குக் கர்ப்ப காலத்துல நோய் குறைஞ்சிருக்கு, 23 சதவீதம் பேருக்குக் கூடியிருக்கு, மத்தவங்களுக்கு மாற்றமில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏறறதோட இது ஒத்துப் போகுதாம். அதே ஆய்வுல பிரசவத்துக்கு அப்புறம் 65 சதவீதம் பேருக்கு மோசமாகியிருக்கு. டாக்டரம்மா இதை அப்பவே சொல்லி, "இப்போ சந்தோஷமா இருங்க, அப்புறம் வந்தா அதிர்ச்சியாக வேண்டாம்"னாங்க.

ஏழாம் மாசம் வளைகாப்பு. எனக்கு வாழ்க்கையிலேயே பெரிய பயம் அதுதான், பிரசவம் கூட இல்லை. வர்றவங்க எல்லாரும் முழங்கை வரைக்கும் சந்தனம் பூசுவாங்க. சொரியாசிஸ் முதல்ல உட்கார்ற இடமே முழங்கை. அன்னைக்கு என் கை சுத்தமா இருந்தது, லேசா வெளுத்த தழும்பு மட்டும். சந்தனத்துல அதுவும் மறைஞ்சு போச்சு. ஆனா கை நிறைய கண்ணாடி வளையல். சொரியாசிஸ் இருக்கற தோல்ல உரசல், கீறல், காயம் பட்டா அந்த இடத்துலயே புதுசாப் படை கிளம்பும். வளையலைக் கழட்டக்கூடாதுன்னு அத்தை. கழட்டணும்னு நான். கடைசியில கைக்கு அஞ்சு வெச்சுக்கிட்டு மிச்சத்தை சாமி படத்துக்கு முன்னாடி வெச்சோம்.

எட்டாம் மாசம் ஒரு ராத்திரி லேசா ஜுரம், மார்புக்குக் கீழே சிவந்து பொரிப்பொரியா. உடனே ஆட்டோ பிடிச்சு அரசு மருத்துவமனைக்குப் போனோம். வேர்க்குருதான். எங்க ஊர் மே மாசம் உங்களுக்குத் தெரியும். ஆனா போனது தப்பில்லை. ரொம்ப அபூர்வமா கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல சீழ் கொப்புளம் மாதிரி ஒரு வகை சொரியாசிஸ் வரும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே சிவந்து, ஓரத்துல குட்டிக் குட்டிக் கொப்புளமா ஆரம்பிச்சுப் பரவும். கூடவே ஜுரம், வாந்தி. ரத்தத்துல கால்சியம் இறங்கலாம், வயித்துல இருக்கற குழந்தைக்கே ஆபத்தாகலாம். முன்னாடி சொன்னேனே ஹெப்ரா, அவர்தான் 1872-ல இதையும் எழுதி வெச்சவர். இது வீட்ல எண்ணெய் பூசிப் பார்க்கற விஷயம் இல்லை, அன்னைக்கே ஆஸ்பத்திரியில சேரணும். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்து திடீர்னு நிறுத்தினாலும் இந்தக் கொப்புள வகை கிளம்பலாம்.

கர்ப்பிணி அட்டையில சுகர், பி.பி. எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு, தோல் நோய்க்கு இல்லை. நானே மேல பேனாவால "சொரியாசிஸ்"னு பெரிசா எழுதினேன். அது ஒரு தடவை உதவிச்சு. கடைசியில பி.பி. கொஞ்சம் ஏறினப்போ லேபெட்டலால் எழுத வந்த டாக்டர், அதைப் பார்த்துட்டு நிஃபெடிபின் கொடுத்தாங்க. பீட்டா பிளாக்கர் வகை மருந்து சிலருக்கு சொரியாசிஸைக் கிளப்பிவிடுமாம். கட்டாயம் தேவைன்னா அதையும் கொடுப்பாங்க, மறுக்கக் கூடாது. பி.பி.தான் உயிர் போற விஷயம்.

ஊசி மருந்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணு. அடலிமுமாப் மாதிரி பயாலஜிக் மருந்துகளை நான் எடுக்கலை, நம்ம சம்பளத்துக்கு எட்டாது. ஆனா எடுக்கறவங்க இருக்காங்க. கர்ப்பத்தோட பின்பாதியில இதைப் போட்டா நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகும். செர்டோலிசுமாப்னு ஒண்ணு மட்டும் கிட்டத்தட்ட போறதில்லை. நம்ம நாட்டுல குழந்தை பிறந்த உடனே பி.சி.ஜி. போட்டுடுவாங்க. அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி. அம்மா இந்த ஊசியில இருந்திருந்தா பி.சி.ஜி.யை ஆறு மாசம் தள்ளிப் போடச் சொல்வாங்க. பிரசவ வார்டுல அதை யாரும் தானா கேட்க மாட்டாங்க, நீங்கதான் சொல்லணும், கூட வர்றவங்ககிட்டயும் சொல்லி வைக்கணும்.

பையன் சுகப்பிரசவம், ரெண்டு கிலோ எண்ணூறு. ஈ.எஸ்.ஐ.ல இருபத்தாறு வாரம் மகப்பேறு பணம் கிடைச்சது. கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கறவங்க சந்தா நிஜமாவே கட்டறாங்களான்னு இப்பவே பார்த்து வைங்க. முன்னாடி ரெண்டு சந்தா காலத்துல எழுபது நாளாவது கணக்குல ஏறியிருக்கணும்.

அஞ்சாவது வாரம், டாக்டரம்மா சொன்ன மாதிரியே, தலையில ஆரம்பிச்சது. அப்புறம் மார்க்காம்புல. பால் குடிக்கும்போது உயிர் போகும். க்ரீமைப் பால் கொடுத்து முடிச்ச உடனே பூசி, அடுத்த வேளைக்கு முன்னாடி நல்லாத் துடைச்சுடணும். மெத்தோட்ரெக்சேட் பால் கொடுக்கும்போது கூடாது. சொந்தக்காரங்க எல்லாரும் "பவுடர் பால் கொடுத்துட்டு நீ மாத்திரையைச் சாப்பிடு"ன்னாங்க. அப்படி முடிவெடுக்கறவங்களை நான் தப்பா நினைக்க மாட்டேன், சில பேருக்கு மூட்டெல்லாம் வீங்கி குழந்தையைத் தூக்கவே முடியாது. எனக்கு மூட்டு வலி இல்லை, தாங்க முடியும்னு தோணிச்சு. மறுபடி வெளிச்சத்துக்கே போனேன்.

இந்தத் தடவை கைக்குழந்தையோட ட்ரெயின். அத்தை கூட வந்தாங்க. நான் பெட்டிக்குள்ள நிக்கற நேரம் அவங்க வெளியே பெஞ்சுல பையனை மடியில வெச்சுக்கிட்டு இருப்பாங்க. ஒரு நாள் வெளியே வரும்போது கேட்கறேன், கை முழுக்கப் படையோட ஒரு சின்னப் பொண்ணு தள்ளி நின்னுக்கிட்டு இருக்கு. அத்தை அதைக் கூப்பிட்டு, "தொத்தாதும்மா, வந்து உட்காரு. என் மருமகளுக்கும் இதான்"ங்கறாங்க. தெருவுல யாருக்கும் சொல்லாதேன்னவங்க. நான் ஒண்ணும் சொல்லலை. செருப்பைத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

பதினோரு மாசம் பால் கொடுத்தேன். நிறுத்தினப்புறம் காப்பர்-டி போட்டுக்கிட்டு, ரத்தப் பரிசோதனை பார்த்துட்டு மறுபடி மெத்தோட்ரெக்சேட் ஆரம்பிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை மாத்திரை நாள். காலண்டர்ல அவர் வட்டம் போட்டு வைப்பார்.

எல்லாரும் கேட்கற கேள்வி, பையனுக்கு வருமா? அம்மா அப்பால ஒருத்தருக்கு இருந்தா நூத்துக்கு சுமார் பதினாலு, ரெண்டு பேருக்கும் இருந்தா நாப்பது கிட்டன்னு சொல்றாங்க. அப்போ வராம இருக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அவன் பிறந்த ரெண்டாவது மாசம் தலையில மஞ்சளா ஒரு பொருக்கு கட்டிச்சு. அன்னைக்கு நான் அழுத அழுகை! குழந்தைகளுக்குச் சாதாரணமா வர்றதுதான்னு டாக்டர் சொன்னாங்க, எண்ணெய் தடவிக் குளிப்பாட்டினதுல போயிடுச்சு. இப்பவும் தினம் குளிப்பாட்டும்போது அவன் முழங்கையை ஒரு தடவை தடவிப் பார்த்துடுவேன். கூசுதுன்னு சிரிப்பான். இது வரைக்கும் ஒண்ணுமில்லை.